அகலக் கால் வைத்த பேரரசும் அந்தமான் கற்ற பாடமும்

நம் சாத்தம் மர அறுவை ஆலையைக் காண வருவோர், அதன் வளாகத்தில் ஒரு பெரும் பள்ளத்தையும் கண்டு செல்வர். 1883 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவ்வாலையின்மீது, 1942 மார்ச்சுத் திங்களில் ஜப்பானிய வானூர்தி எறிந்த குண்டு பறித்த குழி அது. “இஃது என்ன?” என்று குழந்தைகள் வினவினால், “ஜப்பான்காரன் குண்டு போட்ட இடம்” என்று ஒரு வரியில் விடை கூறி நாம் அப்பால் நடந்து விடுகிறோம். ஆனால் ஒரு பேரரசு அகலக் கால் வைத்துக் கெட்ட கதையும், அதன் தவற்றுக்கு இத்தீவு மக்கள் விலை கொடுத்த கதையும் அக்குழிக்குள் அடங்கியுள்ளன.

1942 இன் தொடக்கத்தில் ஜப்பானை வெல்வார் எவருமிலர் என்றே உலகம் எண்ணிற்று. பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8 இல் ரங்கூன் வீழ்ந்தது. தாங்கள் காக்க இயலாத அளவுக்கு நாடுகளைப் பிடித்து வைத்திருந்த ஆங்கிலேயர், அந்தமானிலிருந்த படையைத் திரும்ப அழைத்துக் கொண்டனர். மக்களைக் காப்பார் இல்லை. மார்ச்சு 23 ஆம் நாள் ஜப்பானியப் படை எதிர்ப்பின்றிப் போர்ட் பிளேரில் இறங்கிற்று. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள அதே நகரந்தான். ஆசியா ஆசியருக்கே என்னும் முழக்கத்தோடு அவர்கள் வந்தமையால், விடுதலை வந்ததென்று மகிழ்ந்தோரும் இருந்தனர்.

வெற்றி எளிதாயிற்று, பிடித்ததைக் காத்தலோ எளிதன்று. டோக்கியோவுக்கும் இத்தீவுக்கும் இடையே ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் உண்டு. இங்கிருந்த வீரனுக்கு அரிசியும் மருந்தும் தோட்டாவும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். 1942 ஜூன் மாதத்தில் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அதன்பின் அந்நாட்டுக் கடற்படை முன்போல் எங்கும் துணிந்து செல்ல இயலவில்லை. சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக வேட்டையாடின.

பர்மாவிலிருந்த படைக்குக் கடல்வழியே சரக்கு அனுப்புதல் இடரானமையால், சயாம் நாட்டிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையைக் காட்டிலும் மலையிலும் ஜப்பானியர் விரைந்து அமைத்தனர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பசியாலும் காலராவாலும் அதில் மாண்டனர். ஒரு பேரரசு தன் தூரத்தைக் கணக்கிடத் தவறியது. கணக்கைத் தீர்த்தவன் நம் ஏழைத் தமிழன்!

அந்தமானிலும் அதுவே நிகழ்ந்தது. மக்கள் விமானதளம் அமைக்கவும் பதுங்கு அறைகள் கட்டவும் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். கப்பல் வரவு குறையக் குறைய, உணவு அரிதாயிற்று. உணவு அரிதாகியபோது ஐயம் பெருகிற்று. நேசநாட்டு ஒற்றர் நீர்மூழ்கியில் வந்து தீவில் இறங்கியது உண்மையே. ஆனால் ஜப்பானியர் பிடித்து வதைத்ததோ ஊர்மக்களை. மருத்துவரும் மக்கள் தலைவருமான திவான் சிங், செல்லுலார் சிறையில் சித்திரவதைக்குள்ளாகி 1944 ஜனவரி 14 இல் உயிர் நீத்தார்.

அதற்குச் சின்னாட்கள் முன்னர், 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கு விடுதலைக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், சுயராஜ்யம் எனப் பெயர் சூட்டினார். ஆர்க்காடு துரைசாமி லோகநாதன் என்னும் மருத்துவரை ஆணையராக அமர்த்தினார். நேதாஜியின் தியாகத்தில் மாசு காண்பது நம் கருத்தன்று. எனினும் காவல் அதிகாரமும் துப்பாக்கியும் ஜப்பானியர் கையிலேயே இருந்தன. கொடியேறி ஒரு திங்கள் கழிந்ததும், 1944 ஜனவரி 30 இல், ஒற்றர் என்று பழி சுமத்தி 44 பேரை ஹம்பிரிகஞ்சில் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் இந்திய சுதந்திரச் சங்கத்தாரும் இருந்தனர்! அயலான் துப்பாக்கியின் நிழலில் நின்ற ஆட்சிக்குத் தன் மக்களைக் காக்கும் வலிமை இல்லாமற் போயிற்று.

1945 மே 16 இல், இத்தீவுக்கு உதவ முயன்ற ஹாகுரோ என்னும் ஜப்பானியப் போர்க்கப்பல் மலாக்கா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டது. உணவுக்கு வழியற்ற படை, ஆகஸ்டில், உழைக்க இயலாதோர் எனக் கருதிய பல நூற்றுவரைப் பயிர் செய்யும் பெயரால் கப்பலேற்றி ஹாவ்லாக் தீவருகே கடலில் தள்ளிற்று. கரையேறியோரும் பசியால் மடிந்தனர். பிழைத்தோர் மிகச் சிலர். அக்டோபரில் இந்தியப் படைப்பிரிவு வந்திறங்கியபின், அந்தப் படையும் சரணடைந்தது.

கடல் கடந்து படை செலுத்தியதில் நமக்கும் பெருமை உண்டு. 1025 ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரம் வென்றான். அவன் வெற்றிகளுள் மாநக்கவாரமாகிய நிக்கோபாரும் தஞ்சைக் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. வென்றவன் புகழ் கல்லில் நிற்கிறது. வெல்லப்பட்டோர் பட்ட பாட்டைப் பொறித்த கல் எதுவும் இல்லை. வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த நாம், வெற்றியைப் பாடும்போது இதனையும் எண்ணுதல் வேண்டும். தன் வலிமைக்கு மேற்பட்டு நீட்டிய கை, ஒருநாள் தளரும். தளரும் வரையில் அது யாருடைய கழுத்தைப் பற்றியிருந்தது என்பதே வரலாறு கேட்க வேண்டிய கேள்வி.

பிழைப்பு நாடிப் பிற்காலத்தில் இங்கு வந்த குடும்பங்கள் நம்முள் பல. நாம் நடக்கும் தெருவில், உண்ணும் சோற்றில், நமக்கு முன் இங்கு வாழ்ந்தோரின் துயரம் கலந்துள்ளது. அண்டை வீட்டு முதியோர் தம் பெற்றோரிடம் கேட்டறிந்தவற்றை நாம் செவிகொடுத்துக் கேட்டு எழுதி வைப்போமாக. ஹம்பிரிகஞ்சில் நினைவிடம் ஒன்று உண்டு. வருகின்ற ஜனவரி 30 இல் சங்கத்தார் அனைவரும் குழந்தைகளோடு அங்குச் சென்று ஒரு மலர் தூவி வருவோமாக. அதன்பின் சாத்தம் பள்ளத்தைக் காட்டி நம் பிள்ளைகள் வினவுங்கால், ஒரு வரியில் விடை கூறி அப்பால் நடவோம்.