தைமசுச் சுரப்பியும் அளவீட்டின் வரலாறும்

மருத்துவ அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரிசையையே தருவர். அளக்கப்பட்ட பொருள் எவருடைய உடலிலிருந்து பெறப்பட்டது, எதனோடு ஒப்பிடப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. மார்பெலும்பின் பின்புறத்தே, இதயத்துக்கு மேலாக அமைந்துள்ள தைமசுச் சுரப்பியைப் பொறுத்தவரை இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. இச்சுரப்பியில் தோன்றும் கழலைகளில் பீ.டீ.-எல்.1 எனப்படும் புரதத்தை அளப்பதில் இன்று நோயியலாளரிடையே காணப்படும் முரண்பாடு, நூறாண்டுகளுக்கு முன்னர் அதே சுரப்பியின் எடையை அளப்பதில் நேர்ந்த பிழையோடு உறவுடையது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1830ஆம் ஆண்டளவில் யேர்மனிய வைத்தியரான கொப், குழந்தைகளுக்கு நேரும் ஒருவகை மூச்சுத்திணறலுக்குப் பருத்த தைமசே காரணம் என எழுதினார். 1889இல் வியன்னாவைச் சேர்ந்த பல்தாவுவ், திடீரென இறந்தோர் சிலரிடம் பெரிய தைமசும் பெருத்த நிணநீர்க் கணுக்களும் காணப்படுகின்றன என்றும், இஃது ஒரு பிறவி உடல்வாகு என்றும் கூறினார். 'நிணநீர் நிலை' எனப் பெயர்பெற்ற இக்கோட்பாடு விரைவிற் பரவியது. பரவியமைக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. குளோரபோம் மயக்கத்தில் சத்திரசிகிச்சை மேசைமீதே இறந்துபோன நோயாளியின் மரணத்துக்கு மருந்தோ அதனைக் கொடுத்தவரோ பொறுப்பல்லர், இறந்தவரின் உடல்வாகே பொறுப்பு எனச் சொல்ல அது வசதியளித்தது.

ஆயின் 'பெரியது' என்பது எதனினும் பெரியது? இங்கேதான் சமூக வரலாறு உடற்கூற்றியலுட் புகுகின்றது. பிரித்தானியாவின் 1832ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டம், ஏழைவிடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, உரிமைகோர எவருமற்ற உடல்களை அறுவைக்கூடங்களுக்கு வழங்க இடமளித்தது. ஏனைய நாடுகளிலும் அறுவை மேசைக்கு வந்தவை பெரும்பாலும் வறியோரின் உடல்களே. அவர்கள் பட்டினியோடும் நாட்பட்ட நோயோடும் வாழ்ந்து இறந்தவர்கள். தைமசோ, நோயுற்ற சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்கும் உறுப்பு. பட்டினியாலும் நோயாலும் நேரும் இச்சுருக்கத்தை வயதினால் நேரும் இயல்பான சுருக்கத்திலிருந்து வேறுபடுத்தி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்தவர் சுவீடன் நாட்டு உடற்கூற்றியலாளர் ஹம்மர். 1936இல் ஹான்ஸ் செலி எலிகளில் நடத்திய ஆய்வு, பல்வேறு ஊறுகளுக்கும் உடல் பொதுவான முறையில் எதிர்வினை காட்டுவதையும், அவ்வேளை தைமசு சுருங்குவதையும் காட்டிற்று. ஆகவே பாடநூல்களில் 'இயல்பு' எனப் பதிவுபெற்றது வறுமையாற் சுருங்கிய தைமசு. நலமாயிருந்து திடீரென இறந்த குழந்தையின் தைமசே உண்மையில் இயல்பானது. அது நோயெனக் கணிக்கப்பட்டது.

இப்பிழை ஏட்டளவில் நின்றிருப்பின் நாம் இதனை ஒரு வேடிக்கையாகக் கொள்ளலாம். 1907இல் அமெரிக்க வைத்தியர் பிரீட்லாண்டர், பருத்ததாகக் கருதப்பட்ட தைமசை எக்ஸ்-கதிரினாற் சுருங்கச் செய்தார். சுரப்பி சுருங்கியது, குழந்தை பிழைத்தது. சிகிச்சை வெற்றி என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நோயே இல்லாத குழந்தை பிழைப்பதில் வியப்பில்லை. பின்னர் நோய்க்குறி எதுவுமற்ற சிசுக்களுக்குங்கூட முற்காப்பாக இக்கதிர் செலுத்தப்பட்டது. 1927இல் பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் மேஜர் கிரீன்வுட்டும் (மேஜர் என்பது அவரது பெயர், படைத்துறைப் பதவியன்று) ஹில்டா வூட்சும் இக்கோட்பாட்டுக்கு ஆதாரம் இல்லை எனக் காட்டினர். 1931இல் அந்நாட்டின் ஆய்வுக்குழுவொன்றும் அதே முடிவுக்கு வந்தது. எனினும் ஐக்கிய அமெரிக்காவிற் கதிர்ச்சிகிச்சை மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1950இல் டவியும் பிட்ஸ்ஜெரல்டும் தைரொயிட்டுப் புற்றுநோயுற்ற 28 இளவயதினரின் வரலாற்றை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் சிசுப்பருவத்தில் தைமசுக் கதிர் பெற்றவர்கள் எனக் கண்டனர். நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டரில் கதிர் பெற்ற 2,500க்கு மேற்பட்டோரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் தைரொயிட்டுப் புற்றுநோயோடு, பெண்களில் மார்பகப் புற்றுநோயும் மிகுந்திருப்பதைப் புலப்படுத்தின.

தைமசின் தொழில் யாது என்பது அதுவரை தெரியாதிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1961இல் இலண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட எலிகள் நிர்ப்பீடன ஆற்றல் குன்றி, அயல் தோலொட்டையும் ஏற்றுக்கொள்வதைக் காட்டிய பின்னரே, ரீ-கலங்கள் என இன்று வழங்கும் நிணநீர்க்குழியங்களின் விளைநிலம் அது என்பது தெளிவாயிற்று. உடலின் சொந்த இழையங்களைத் தாக்கக்கூடிய கலங்கள் பெருமளவிற் களையப்படுவதும் அங்கேயே.

இனிக் கழலைகளுக்கு வருவோம். தைமசின் மேலணிக் கலங்களிலிருந்து தோன்றும் தைமோமாவும் தைமசுப் புற்றுநோயும் மிக அரியவை. ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 0.13 அளவிலேயே தைமோமா காணப்படுகின்றது. தைமோமா உற்றோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு, தசைகள் சோர்வுறும் மயஸ்தேனியா என்னும் தன்னெதிர்ப்பு நோயும் உண்டு. 1936இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பிளாலொக் இத்தகைய இளம்பெண்ணொருத்தியின் கழலையை அகற்ற, அவளது தசைச்சோர்வு தணிந்தது. பின்னர் 1992இல் கியோட்டோவில் ஹொஞ்சோவின் குழுவினர் பீ.டீ.-1 என்னும் புரதத்தைக் கண்டனர். ரீ-கலத்தின் மேற்பரப்பிலுள்ள இது, பீ.டீ.-எல்.1 வந்து பிணையுமிடத்து அக்கலத்தின் தாக்குதலைத் தடுக்கின்றது. கழலைகள் பல தம்மைக் காத்துக்கொள்ள இத்தடையையே பயன்படுத்துகின்றன. தடையை நீக்கும் மருந்துகள் புற்றுநோய்ச் சிகிச்சையை மாற்றியமைத்தன. 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு அலிசனுக்கும் ஹொஞ்சோவுக்கும் வழங்கப்பட்டது.

எவருக்கு இம்மருந்து பயன்படும் என முன்னறியக் கழலையின் மெல்லிய சீவல்மீது பிறபொருளெதிரியை இட்டு, பழுப்பு நிறமேறிய கலங்களை எண்ணுகின்றனர். எளிதெனத் தோன்றும் இவ்வளவீட்டில் இடர்கள் பல. மருந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் மருந்துக்கெனத் தனித்தனிப் பிறபொருளெதிரியை உருவாக்கின. ஆகையால் 22சி3, 28-8, எஸ்பி142, எஸ்பி263 என அளவுகோல்கள் நான்காயின. 2017இல் நுரையீரற் கழலைகளில் இவற்றை ஒப்பிட்டபோது எஸ்பி142 ஏனையவற்றினும் குறைந்த கலங்களையே நிறமேற்றியது. சந்தையின் பிரிவினை ஆய்வுகூடத்தின் பிரிவினையாயிற்று எனல் மிகையன்று. எத்தனை வீதத்துக்கு மேற்பட்டால் 'உண்டு' எனக் கொள்வது என்பதிலும் ஒருமைப்பாடில்லை. ஒருவர் 1 வீதம் என்பர், வேறொருவர் 50 வீதம் என்பர். எனவே 2015இல் ஜப்பானிய ஆய்வொன்று தைமோமாவில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கிலும் தைமசுப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்திலும் இப்புரதத்தைக் காண, வேறு ஆய்வுகள் தைமோமாக்களிற் பெரும்பாலானவற்றிலேயே அதனைக் கண்டன.

இவற்றினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. நுரையீரலின் இயல்பான மேலணியில் பீ.டீ.-எல்.1 மிகக் குறைவு. அங்கே அது மிகுந்திருப்பின் கழலையின் தந்திரம் எனலாம். தைமசின் இயல்பான மேலணியோ அப்புரதத்தைத் தானே தாங்கியிருப்பது. ஆகவே தைமோமாவிற் காணப்படும் பழுப்புநிறம், கழலை புதிதாகப் பெற்ற கவசமா, தாய் இழையத்திலிருந்து வந்த மரபா என்பதை எண்ணிக்கை மட்டும் உணர்த்தமாட்டாது. இது வெறும் ஏட்டு ஐயமன்று. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், தைமசுப் புற்றுநோயாளர் 40 பேரில் 22.5 வீதத்தினருக்குப் பெம்ப்ரொலிசுமாப் பயனளித்தது. 15 வீதத்தினருக்குக் கடுமையான தன்னெதிர்ப்பு விளைவுகள் நேர்ந்தன. அடுத்த ஆண்டு வெளியான கொரிய ஆய்வில் தைமோமா உற்ற எழுவருள் ஐவருக்கு அத்தகைய கடும் விளைவுகள் ஏற்பட்டன. இதயத்தசை அழற்சியும் அவற்றுள் அடங்கும். நிறமேறிய கலங்களை எண்ணி மருந்து கொடுப்பவர், எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தப் பயிற்றும் உறுப்பே பழுதுற்ற ஒருவரிடம் எஞ்சியிருந்த கட்டுப்பாட்டையும் அகற்றுகின்றார் என்பதை இவ்வெண்கள் நினைவூட்டுகின்றன.

ஒப்பிடுவதற்கு இயல்பான தைமசு எங்கிருந்து பெறப்படுகின்றது? பெரும்பாலும் இதயச் சத்திரசிகிச்சைக்கு உட்படும் குழந்தைகளிடமிருந்து. இதயத்தை அணுக வழிசெய்யும்பொருட்டு அச்சுரப்பியின் ஒரு பகுதியேனும் வெட்டியெடுக்கப்படுகின்றது; அதுவே ஆய்வுகூடத்தை அடைகின்றது. தைமோமாவோ பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதினரின் நோய். அவ்வயதில் இயல்பான சுரப்பி பெரிதும் கொழுப்பாக மாறிவிடுகின்றது. எஞ்சிய மேலணியைத் தேடி எண்ணுதல் கடினம். இதயநோயுற்ற குழந்தையின் இழையம் ஒருபுறமும் முதியவரின் கழலை மறுபுறமுமாக, நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டும் அருகருகே வைக்கப்படுகின்றன.