கொப்பளித்தால் பல் சுத்தமாகுமா?

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கடையில் விற்கும் மருந்து நீரை ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் புறப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. இதனால் பல் சுத்தமாகுமா? 1683ஆம் ஆண்டிலேயே ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

அவர் பெயர் லீவன்ஹூக். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டு நுண்பொருள்களை ஆராய்ந்தவர். தம் பல்லிடுக்கில் மாவுபோல் ஒட்டியிருந்த வெள்ளை ஊத்தையைச் சுரண்டி, நீரில் கலந்து பார்த்தார். எண்ணற்ற சிற்றுயிர்கள் அதில் நெளிந்தன.

பிறகு கடுமையான காடியை வாயில் ஊற்றி நன்றாகக் கொப்பளித்தார். அப்போதும் பல்லில் இருந்த ஊத்தைக்குள் ஏராளமான உயிர்கள் எஞ்சியிருந்தன. ஆனால், சுரண்டி எடுத்து நீரில் கரைத்த ஊத்தையில் சிறிது காடி கலந்ததும் அவை உடனே மடிந்தன. கொப்பளித்த காடி மேலே இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே இறங்கவில்லை என்று அவர் முடிவு செய்தார்.

இந்த ஊத்தை என்ன செய்யும்? 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற அறிஞரின் குழு 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தது. மூன்று வாரங்களுக்குள் எல்லாருக்கும் ஈறு அழன்று சிவந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் குணமாயிற்று.

1970இல் லோவும் அவருடைய துணைவரும் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நீரைச் சோதித்தனர். சுத்தம் செய்த பற்களை அதனால் நாளுக்கு இருமுறை கொப்பளித்தபோது புதிய ஊத்தை படியவில்லை. ஆனால், ஏற்கெனவே தடித்துப் படிந்துவிட்ட ஊத்தையை மருந்து நீர் பெயர்த்து எடுப்பதில்லை. மேலும், இம்மருந்தை நெடுநாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

நம்மைப் போன்ற தோட்டத் தமிழர்களின் அனுபவமும் இந்த வரலாற்றில் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தொழிலாளர்களின் வாயை லோவின் குழு 1970 முதல் 1985 வரை ஆராய்ந்தது. அவர்களுக்குப் பல் தூரிகை பிடிக்கும் வழக்கம் இருந்ததில்லை. நூற்றுக்கு 89 பேருக்கு ஈறு நோய் பல்லின் பிடிமானத்தையே அரித்திருந்தது.

ஆகவே, விலையுயர்ந்த புட்டியை வாங்குமுன் வீட்டில் ஆளுக்கொரு தூரிகை இருக்கிறதா என்று பார்ப்போம். முதலில் தேய்ப்போம். கொப்பளிப்பது அதற்குத் துணையாக இருக்கட்டும்.