பந்தய சிமுலேட்டருக்கான ஸ்டீயரிங், பெடல் கருவிகள்

டயரின் பிடிப்பு, வளைவில் காரின் எடை ஒருபுறம் சாய்வது, தடத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றை இயற்பியல் விதிகளின்படி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணித்து, மோட்டார் பந்தயத்தைத் திரையில் நிகழ்த்தும் மென்பொருள்கள் பந்தய சிமுலேட்டர்கள் எனப்படுகின்றன. ஐரேசிங் (2008), அசெட்டோ கோர்ஸா (2014), கிரான் டூரிஸ்மோ 7 (2022) ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றை வீட்டில் ஓட்டுவதற்கான கருவித் தொகுதி ஸ்டீயரிங் சக்கரம், அதை இயக்கும் மோட்டார் அடங்கிய அடிப்பெட்டி, பெடல்கள் என்னும் மூன்று உறுப்புகளால் ஆனது. வாங்குவோரின் கவனமும் பணமும் பெரும்பாலும் முதலிரண்டுக்கே போய்விடுகின்றன. ஆயினும் ஒரு சுற்றை முடிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக அமைவதற்குப் பெரிதும் காரணமாவது பிரேக் பெடலே.

அடிப்பெட்டியிலுள்ள மோட்டார், முன்சக்கரங்கள் தடத்தில் உணரும் எதிர்விசையை ஓட்டுபவரின் கைக்குத் திருப்பித் தருகிறது. இது விசைப் பின்னூட்டம் எனப்படும். இவ்விசை கைக்கு வந்துசேரும் வழியைக் கொண்டே கருவிகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. லாஜிடெக் ஜி29 (2015) போன்றவற்றில் பல்சக்கரங்கள் விசையைக் கடத்துவதால் அவை நெடுநாள் உழைக்கின்றன என்றாலும், பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியால் நேர்ப்பாதையில் ஒரு தளர்வும் ஓட்டத்தின்போது கடகடப்பும் தோன்றுகின்றன. திரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவற்றில் பெல்ட் இப்பணியைச் செய்வதால் அசைவு மென்மையாக இருக்கிறது, ஆனால் நுண்ணிய அதிர்வுகள் ஓரளவு பெல்ட்டிலேயே மங்கிவிடுகின்றன. நேரடி இயக்க வகையில் சக்கரம் மோட்டாரின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் இடையில் விசையைத் தின்னும் உறுப்பு எதுவும் இல்லை. நெடுங்காலம் பெரும் பணம் செலவிடக்கூடியவர்களுக்கே கிட்டிய இவ்வகையை, ஃபனாடெக் நிறுவனம் 2021இல் சக்கரமும் பெடலும் நீங்கலாக ஏறத்தாழ 350 டாலர் விலையில் வெளியிட்ட சிஎஸ்எல் டிடி, பரவலான வாங்குவோரிடம் கொண்டுசேர்த்தது. மோசா முதலிய சீன நிறுவனங்களின் வருகையும் அப்போக்கை வலுப்படுத்தியது.

மோட்டாரின் வலிமை முறுக்குவிசையாக, நியூட்டன் மீட்டரில் குறிக்கப்படுகிறது. ஜி29 ஏறத்தாழ 2, டி300 ஏறத்தாழ 4, சிஎஸ்எல் டிடி 5 (கூடுதல் மின்வழங்கியுடன் 8), பின்லாந்தின் சிமுகியூப் 2 புரோ 25 என அளவுகள் விரிகின்றன. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் 2 நியூட்டன் மீட்டர் என்பது விளிம்பில் சுமார் 1.4 கிலோ எடைக்கும், 8 நியூட்டன் மீட்டர் என்பது 5.4 கிலோவுக்கும், 25 நியூட்டன் மீட்டர் என்பது 17 கிலோவுக்கும் ஈடாகும். கையை வருத்துவது இவ்வலிமையின் நோக்கமன்று. மோட்டாரால் தர இயலாத விசையை மென்பொருள் கேட்கும்போது உச்சத்துக்கு மேலுள்ள மாறுபாடுகள் அனைத்தும் ஒரே அளவாக வெட்டுப்பட்டு, டயர் பிடிப்பை இழக்கத் தொடங்கும் கணத்தைக் கை உணராமல் போகிறது; கிளிப்பிங் எனப்படும் இக்குறையைத் தவிர்க்கவே வலிமையின் இருப்பு தேவைப்படுகிறது. இந்நோக்கில் 5 முதல் 10 வரையிலான வீச்சு வீட்டு ஓட்டுநர் பெரும்பாலோருக்குப் போதுமானது. 20ஐத் தாண்டும் கருவிகள், கார் சுவரில் மோதும்போது மணிக்கட்டையோ கட்டைவிரலையோ காயப்படுத்தக்கூடும் என்பதால், அவற்றுக்கு அவசர நிறுத்தப் பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

பிரேக் பெடலைத் தேர்வதில், அது எதை அளக்கிறது என்பதே தலையாய கேள்வி. மலிவான பெடல்கள் பொட்டென்ஷியோமீட்டர் எனப்படும் மாறு மின்தடையைக் கொண்டு பெடல் நகர்ந்த தூரத்தை அளக்கின்றன. உராய்வால் அது தேயும்போதும் தூசு படியும்போதும் அளவீடு துள்ளத் தொடங்குகிறது. காந்தப்புல மாற்றத்தை அளக்கும் ஹால் உணரிக்கு அத்தேய்மானம் இல்லை என்றாலும், அதுவும் தூரத்தையே அளக்கிறது. லோட் செல்லோ, விசைக்கு உட்பட்டு மிக நுண்ணிய அளவில் வளையும் உலோகத் துண்டின் மீது ஒட்டப்பட்ட திரிபுமானியின் மின்தடை மாற்றத்தைக் கொண்டு, கால் கொடுக்கும் அழுத்தத்தை அளக்கிறது. மெய்யான காரிலும் பிரேக் திரவத்தின் அழுத்தம் காலின் விசையைப் பொறுத்தே அமைகிறது. பந்தயக் காரின் பெடல் சிறிதளவே நகர்கிறது. மேலும், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைவிட எவ்வளவு விசையுடன் அழுத்தியது என்பதையே உடல் துல்லியமாக நினைவில் கொள்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லைக்குச் சற்றே கீழான அழுத்தத்தை ஒவ்வொரு சுற்றிலும் எட்டுவதும், வளைவுக்குள் திரும்பிக்கொண்டே பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதும் லோட் செல்லில் விரைவில் கைகூடுவது இதனால்தான். 100 கிலோ வரை அளக்கும் திரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் போன்ற நடுத்தர விலைப் பெடலை எளிய பல்சக்கர ஸ்டீயரிங்குடன் இணைத்துக்கொள்பவர், விலைமிக்க ஸ்டீயரிங்கைத் தூரம் அளக்கும் பெடலுடன் பயன்படுத்துபவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

இத்தகைய பெடலுக்கு உறுதியான தளம் வேண்டும். சில பத்து கிலோ விசையுடன் மிதிக்கும்போது தரையில் வைத்த பெடல் முன்னே வழுக்குவதும், உருளை நாற்காலி பின்னே ஓடுவதும் இயல்பு. மேசைப் பிடிப்பான் 5 நியூட்டன் மீட்டர் அளவுள்ள அடிப்பெட்டியைத் தாங்கலாம். அதற்கு மேல், இருக்கையையும் பெடலையும் ஸ்டீயரிங்கையும் ஒன்றாகப் பிணைக்கும் அலுமினியச் சட்டகமே ஏற்றது.

சக்கரம் சுழலும் கோணம் பற்றிய கவலை அவ்வளவு தேவையில்லை. 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று, எல்லாவகைக் கார்களுக்கும் போதும், ஃபார்முலா காருக்கு மென்பொருளே அதைக் குறைத்துக்கொள்ளும்.

கன்சோலில் விளையாடுபவர் பொருத்தத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும், ஏனெனில் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் தத்தம் உரிமம் பெற்ற கருவிகளையே ஏற்கின்றன. லாஜிடெக்கில் ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் உரியவை. கணினியில் இரண்டும் இயங்கும். ஃபனாடெக்கில் பிளேஸ்டேஷன் உரிமம் அடிப்பெட்டியிலும் எக்ஸ்பாக்ஸ் உரிமம் கழற்றி மாட்டும் சக்கரத்திலும் அமைந்திருப்பதால், அடிப்பெட்டியை மாற்றாமல் பொருத்தமான சக்கரம் ஒன்றை மட்டும் வாங்கி எக்ஸ்பாக்ஸுக்கு மாறிக்கொள்ள முடிகிறது.