வேட்டைக்காரர் அமைத்த காவல்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ளது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழகிய ஏ. பி. மில்னைத் துணைக்கொண்டு, இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடாயிருந்த சரிவுகளில் தேயிலை வளர்த்துக் கொழுந்து பறித்த உழைப்பில் தமிழர் பங்கு பெரிது.

காடு தோட்டமானால், அதில் வாழ்ந்த விலங்குகள் எங்கே போகும்? மறு ஆண்டே மலாயாவில் இக்கேள்வி அரசாங்கத்தின் முன் வந்தது. 1930இல் வனவிலங்கு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் ஆணையராக அமர்ந்தவர் தியோடர் ஹப்பக்.

ஹப்பக் ஒரு ரப்பர்த் தோட்டக்காரர், பெயர்பெற்ற வேட்டைக்காரரும்கூட. கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பக் இவருடைய உடன்பிறந்தார். யானை வேட்டையையும், செலாடாங் என்னும் காட்டெருது வேட்டையையும் பற்றி 1905இல் நூல் எழுதியவர், பின்னாளில் அவ்விலங்குகளுக்காகவே வாதாடினார். பல்லாண்டு காடுகளில் அலைந்தவருக்கு, அவை அருகிவருவதை எடுத்துச் சொல்லப் பிறர் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எதிர்வாதமும் எளியதன்று. இளம் ரப்பர்க் கன்றுகளை யானைகள் பிடுங்கி எறிந்தால் தோட்டத்துக்கு நட்டம். வயலில் இறங்கினால் குடியானவனுக்குச் சோறு இல்லை. இரு தரப்பின் வழக்கையும் ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 1932இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பயனாக, பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைக் காடுகள் 1938-39ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்காவாயின. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதுவே விடுதலைக்குப் பின் தாமான் நெகாரா எனப் பெயர் பெற்றது.

காவல் அமைத்தாயிற்று, காக்கப்படுவன எத்தனை? ஆப்பிரிக்காவில் இதற்கு விடை காண ஒரு வழி இருந்தது. செரெங்கெட்டிப் புல்வெளியில் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் 1958இல் சிறு விமானத்தில் பறந்து 3,66,980 விலங்குகளை எண்ணினர். 1959இல் மைக்கேல் விமான விபத்தில் மாண்டார்.

மலாயாக் காட்டின் மேல் பறந்தால் தெரிவது மரத்தலைகளே. இங்கே அடிச்சுவடும் சாணமும், விலங்குகள் உப்பு நக்க வரும் ‘ஜெனுட்’ என்னும் நிலங்களுமே சாட்சிகள். 1950களில் தீபகற்பத்தில் 3,000 புலிகள் உண்டு எனப்பட்டது. அது எண்ணிக் கண்ட தொகையன்று, மதிப்பீடே. பின்னர், விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமராக்கள் வந்தன. ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு. ஆகவே படத்தைக் கொண்டு ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறியலாம். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், எஞ்சியவை 150க்கும் குறைவு என்று தெரிந்தது.

சட்டத்தாலும் வேலியாலும் மட்டும் காடு பிழைப்பதில்லை. பூங்கா ஒரு தீவாகிவிட்டால், அதனுள் உள்ள விலங்கும் நாளடைவில் தேயும். ஆதலால் திதிவங்சா மலைத்தொடரின் காடுகளைத் தாமான் நெகாராவுடன் இணைக்கும் வழிகளைக் காப்பது இன்றைய திட்டங்களில் ஒன்று. கேமரன் மலையும் அத்தொடரில் உள்ளதே. தேயிலைச் சரிவு முடியுமிடத்தில் நிற்கும் காடு பயனற்ற தரிசன்று. ஹப்பக் தொடங்கிய காவலின் முடிவுறாத பகுதி அது.