கீழ்க்கரையின் வனவிலங்குக் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பிரதேசத்தின் காடும் நீர்நிலையும் சட்டத்தினால் மாத்திரம் காக்கப்படுவனவல்ல. அவற்றை அண்டி வாழும் மக்களின் அறிவினாலும் விருப்பினாலுமே அவை நிலைபெறுகின்றன. கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். கிழக்கே கடலும், மேற்கே நெல்வயல்களும், அவற்றுக்கு அப்பால் யானைக்காடும் அமைந்த இப்பிரதேசத்தில் வனவிலங்குப் பாதுகாப்பு எவ்வாறு வளர்ந்தது, கல்வி அதனோடு எவ்வளவு தூரம் இணைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, யானையைப் பயிரழிக்கும் விலங்கெனக் கருதிய ஆங்கிலேய அரசு, அதனைக் கொன்றோருக்குப் பரிசுப் பணம் வழங்கியது. அதே நூற்றாண்டின் இறுதியில், 1894 ஆம் ஆண்டு, வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. வேட்டைக்கு விலங்கு எஞ்சவேண்டும் என்ற கவலையே அன்றைய பாதுகாப்பின் முதல் நோக்கமாய் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் அச்சங்கத்தின் நோக்கு விரிந்தது. 1936 இல் அது தொடங்கிய ‘லோரிஸ்’ என்னும் சஞ்சிகை இயற்கை பற்றிய அறிவைப் பரப்பியது. எனினும் அது ஆங்கிலச் சஞ்சிகை. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் பரணமைத்து இரவிரவாக வயல் காத்தவனை அது எட்டியிருக்க வழியில்லை.

1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் புதிய காலத்தைத் தொடக்கி வைத்தது. 1938 இல் கூமுனை பறவைகள் சரணாலயமாயிற்று. கதிர்காமப் பாதயாத்திரிகர் உகந்தையைக் கடந்து செல்லும் வழியில் அமைந்த இவ்வூரின் வில்லு, கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய கால்வாய் வழியே நீரைப் பெறுகின்றது. அங்குள்ள கண்டல் மரங்களிலே கூழைக்கடா, கரண்டிவாயன், நாரை, கொக்கு, நீர்க்காகம் முதலியன கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. 1970 இல் இப்பகுதி யால கிழக்குத் தேசியப் பூங்காவாகியது.

இதற்கிடையில், 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் முகத்தையே மாற்றியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது, சேனநாயக்க சமுத்திரம் பரந்தது, காடுகள் வயல்களாயின. நீரேந்து பகுதியைக் காக்கும் பொருட்டு 1954 இல் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. ஆயினும் யானை வரைபடத்தின் எல்லைக்கோட்டை அறியாது. அது பழகிய வழியிலே வயலுக்குள் வந்தது. உழவனுக்கு யானைவெடி கிடைத்தது. ஆனால், வெடி விரட்டுமேயன்றிக் கற்பிக்காது.

கல்வி முயற்சிகள் தலையெடுத்த காலம் எழுபதுகளாகும். 1972 இல் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையைக் களமாகக் கொண்டு இளம் விலங்கியலாளர் சங்கம் பிறந்தது. 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மத்திய சுற்றாடல் அதிகாரசபை, காலப்போக்கில் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தைப் பாடசாலைகளுக்குக் கொண்டு சென்றது. ஆனால், கல்வி விரிந்த அக்காலத்திலேயே போர் மூண்டது. 1985 முதல் 2003 வரை யால கிழக்குப் பூங்கா மூடப்பட்டிருந்தது. பதினெட்டு ஆண்டுகள்! கீழ்க்கரை மாணவரின் ஒரு தலைமுறை தன் அயலிலுள்ள பறவைத் தலத்தைக் காணாமலே வளர்ந்தது. 2006 இல் அது கூமுனைத் தேசியப் பூங்கா எனப் பெயர் பெற்றது. 2010 இல் அதன் ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தன.

உலகம் கூமுனையை அறிந்துகொண்டது, அயலூரவர் அறிந்தனரா? இவ்வினாவுக்குப் பொத்துவில் களப்பு ஒரு நல்விடையைத் தருகின்றது. அங்கு மீனவர்களே தோணியில் விருந்தினரை ஏற்றிச் சென்று கண்டல், முதலை, பறவை ஆகியவற்றைக் காட்டுகின்றனர். களப்பிலே வலை வீசியவன் களப்பின் ஆசிரியனாகின்றான். கண்டல் அழிந்தால் இறாலும் மீனும் அருகும் என்பதை அவனுக்கு எந்த நூலும் உரைக்க வேண்டியதில்லை.

மறுபுறம், நாணத்தக்க விடையும் உண்டு. ஒலுவிலுக்கு மேற்கே பள்ளக்காட்டில் சுற்றுப்புற ஊர்களின் குப்பை கொட்டப்படுகின்றது. அதனைச் சூழ்ந்திருந்த மின்வேலி 2014 இல் மின்னல் தாக்கிப் பழுதுற்றது, திருத்தப்படவில்லை. உணவின் மணத்தை நாடிவரும் யானைகள் பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இவ்வாறு மாண்டன என 2022 சனவரியிற் செய்திகள் வெளிவந்தன. அன்று பரிசுக்காகச் சுட்டுக் கொன்றோம். இன்று பரிசின்றியே கொல்கின்றோம். நம் வீட்டு வாசலில் முடிச்சிட்டு வைக்கும் பையே துப்பாக்கியாய் மாறியிருக்கின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பாதுகாப்பு முதலில் வேட்டைக்காரருக்காகவும், பின்னர் அரசின் ஆணையாகவும் வந்தது. அயலில் வாழ்வோரின் கல்வியாக அது இன்னும் முழுமை பெறவில்லை. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டிலே பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே உள்ளது. வட்டைவிதானையும் மீனவரும் அறிந்த பறவைப் பெயர்களை அவர்தம் வாய்மொழியிலேயே தொகுத்தல், பாடசாலை மாணவரைக் கூமுனை வில்லுக்கும் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கும் ஒருசேர அழைத்துச் செல்லல் ஆகியவை மாணவராகிய நாமே இயற்றத்தக்க பணிகள். வில்லைக் கண்ட மாணவன் வியப்பான். குப்பைமேட்டையும் கண்டவனே பொறுப்பை உணர்வான்.