மேட்டைக் கடந்த மேடை: போடி மலைச்சரிவின் நாடக மரபும் பாவலர் வரதராசன் குழுவும்

முன்னுரை

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தமிழ்க் கலை வரலாற்றில் பெரும்பாலும் இன்னொருவரைச் சார்ந்தே அறியப்படுகிறார். இளையராஜாவின் அண்ணன், தம்பிகளை மேடையேற்றியவர், பின்னாளில் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் நினைவுகூரப்பட்டவர். தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா சுகாதாரத் துறை வேலையில் இருந்துகொண்டே திருவிழா மேடைகளில் போட்ட ‘ஊர் சிரிக்கிறது’, ‘சும்மா ஒரு கதை’ ஆகிய நாடகங்களின் நிலையும் இதுதான். 1976இல் ‘அன்னக்கிளி’யும் 1977இல் ‘16 வயதினிலே’யும் வெளிவந்த பிறகு எழுதப்பட்ட வரலாறு, அதற்கு முந்தைய இருபது ஆண்டுக்கால மேடையை அவ்விரு படங்களுக்கான ஒத்திகையாகச் சுருக்கிவிட்டது.

இக்கட்டுரை அந்த வாசிப்பை மறுக்கிறது. போடிநாயக்கனூரையும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களையும் மேலேயுள்ள ஏலமலையையும் ஒரே கலைப் பரப்பாகக் கொண்டு பார்த்தால், இங்கே இயங்கிய ஊர்க் குழுக்களுக்குத் தமக்கே உரிய பருவமும் இலக்கணமும் அரசியலும் இருந்தது புலப்படும். அவற்றை மதிப்பிட வேண்டிய அலகு ஒரு நாடகப் பிரதியோ, பின்னால் புகழ்பெற்ற ஒரு தனிமனிதரோ அல்ல. ஊர் ஊராகப் போய்வந்த குழுவும், அக்குழு செய்த பலதரப்பட்ட வேலைகளுமே. கேரளத்தின் தேவிகுளத்தில் 1958இல் நடந்த இடைத்தேர்தலை மையமாக வைத்து இதை நிறுவ முயல்கிறேன்.

மலையும் தரையும் ஒரே பொருளாதாரம்

மாநில எல்லை போடிமெட்டில் ஓடுகிறது. மக்களின் பிழைப்பு அங்கே நிற்பதில்லை. 1924 வெள்ளம் மூணாறின் ரயில் பாதையை அழித்த பிறகு, அப்பகுதித் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே மூலம் குரங்கணி அருகே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகவே வெளியூர் போனது. 1928இல் மதுரை–போடி ரயில் பாதை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளம் ஐம்பதுகளில் மீண்டும் போடப்பட்டது. ஏலக்காயோ இன்றுவரை போடிச் சந்தையின் சரக்கு. கேரளத்தின் புற்றடியைப் போலவே போடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கிறது.

நாடகத்துக்கு இதில் இரண்டு விளைவுகள். முதலாவது, ரயில் மலையடிவாரத்தை மதுரையின் நாடகச் சந்தையோடு இணைத்தது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய காலம் முதல், தென்மாவட்ட நாடகத் தொழிலின் தலைநகர் மதுரைதான். போடி அந்தப் பாதையின் கடைசி நிலையம்.

இரண்டாவது, வேலையின் பருவம். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு ஏறத்தாழ ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் மலையில் வேலை குறையும். கீழே கோயில் திருவிழாக்கள் நடப்பது அந்த மாதங்களில்தான். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சித்திரையில். காய் எடுப்பில் கிடைத்த கூலி கையில் இருக்க, வேலை ஓய்ந்த நேரத்தில் ஊர் கூடுகிறது. ஆகவே இங்கே நாடகத்தின் பருவத்தைச் சமயச் சடங்கு மட்டும் தீர்மானிக்கவில்லை. ஏலச்செடியும் சேர்ந்தே தீர்மானித்தது. மேடையைத் தொழிலாளர் வரலாற்றிலிருந்து பிரித்து எழுதக் கூடாது என்பதற்கு இது முதல் காரணம்.

ஸ்பெஷல் நாடகம் கற்றுக்கொடுத்த இலக்கணம்

திருவிழா மேடையின் முதன்மை வடிவம் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வருவார்கள். பபூனும் டான்ஸ் நடிகையும் வேறு வேறு இடங்களிலிருந்து வருவார்கள். ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மேடை ஓரத்தில் அமர்வார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த கதையும் பாட்டும் வசன முறையும்தான் அவர்களை இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை ஒரே நாடகத்தில் பிணைத்து வைக்கின்றன. மதுரை நாடக நடிகர்களைப் பற்றிச் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையின் திறனையும் இக்கலைஞர்கள்மீது சமூகம் சுமத்திய இழிவையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

அதிகம் கேட்டு வாங்கப்படும் நாடகம் ‘வள்ளி திருமணம்’. மலைச்சரிவில் தினைப்புனம் காக்கும் பெண்ணின் கதை, மலையடிவாரத்து ஊர்களில் தனி ஈர்ப்புப் பெறுவது இயல்பு. ஆனால் ரசிகர்கள் விடியும்வரை கண்விழித்துக் காத்திருப்பது கதைக்காக அல்ல, தர்க்கத்துக்காக. நாரதரும் வள்ளியும், பின்பு வேலனும் வள்ளியும் பாட்டிலும் வசனத்திலும் மோதிக்கொள்ளும் அந்தப் பகுதியில் அன்றைய ஊர்ச் செய்தியும் அரசியல் குத்தலும் நுழையும். முன்பே எழுதப்பட்ட பிரதி அந்த இடத்தில் பின்னுக்குப் போய், நடிகரின் உடனடி அறிவு முன்னுக்கு வருகிறது.

இந்த மேடையிலிருந்து ஊர் இளைஞர்கள் கற்றுக்கொண்டவற்றை மூன்றாகத் தொகுக்கலாம். ஒன்று, தெரிந்த மெட்டில் புதிய சொல்லை ஏற்றுவது. இரண்டு, எதிராளியை முன்னால் நிறுத்திப் பாட்டால் மடக்குவது. மூன்று, பபூனின் கேலியால் பெரிய மனிதர்களைச் சிறியவர்களாக்குவது. விசுவநாததாஸ் போன்ற நடிகர்கள் விடுதலைப் போராட்டக் காலத்தில் இதே உத்திகளால் புராண நாடகத்தைக் காலனி எதிர்ப்பு மேடையாக மாற்றிச் சிறை சென்றதைத் தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தம்பிகளோடு பாடிய வரதராசனின் குழு இந்த மரபின் ஒரு கிளை என்பதே என் வாதம்.

1958: தேவிகுளம்

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அவற்றைத் தமிழ்நாட்டோடு இணைக்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் தோற்றிருந்தது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆட்சி மொழியோ மலையாளம். 1957 ஏப்ரலில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை மெல்லிய பெரும்பான்மையோடு பதவியேற்றது. தேவிகுளத்தில் வென்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. ஓர் இடம் போனாலும் ஆட்சி ஆட்டம் காணும் நிலை.

கேரளக் கம்யூனிஸ்டுகளிடம் வலிமையான நாடக ஆயுதம் ஏற்கெனவே இருந்தது. தோப்பில் பாசியின் ‘நிங்களென்னை கம்யூனிஸ்டாக்கி’ 1952 முதல் கே.பி.ஏ.சி. குழுவால் ஊர் ஊராக நடத்தப்பட்டு, 1957 வெற்றிக்கு வழியமைத்ததாகக் கருதப்படுகிறது. அந்த மேடையின் மொழி மலையாளம். அதன் உலகம் மத்திய திருவிதாங்கூரின் நிலவுடைமை. மலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கங்காணியும் கொழுந்துக் கூடையும் அறிந்த தமிழருக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தியாக இருக்கலாம். சொந்தக் கதையாக இருக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத் தரையிலிருந்து மேலே ஏறியது வரதராசனின் குழு. பதின்ம வயது இளையராஜாவும் அதில் இருந்தார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் வரதராசனின் பாட்டுக்கு இருந்த பங்கு கட்சி வட்டாரத்தில் நெடுங்காலம் பேசப்பட்டது.

ஒரு பாட்டுக் குழு தனியாக வாக்குகளைத் திருப்பியது என்று வாதிடுவது மிகை. தொழிற்சங்கத்தின் உழைப்பும் ஆளுங்கட்சியின் முழுப் பலமும் அத்தேர்தலில் இருந்தன. கவனிக்க வேண்டியது வேறு. கேரள ஆட்சியின் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கும் ஒரு தேர்தலில், தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குழு ஒன்று தவிர்க்க முடியாத இணைப்பாக வேலை செய்தது. இரண்டாண்டுக்கு முன் உறுதிசெய்யப்பட்ட எல்லையைக் கலையின் மூலம் அது செயலிழக்கச் செய்தது. இணைப்புப் போராட்டம் தமிழ் அடையாளத்தின் பெயரால் கேட்டும் கிடைக்காத ஒன்றை, அதாவது மலைக்கும் தரைக்கும் இடையிலான அரசியல் உறவை, இக்குழு வர்க்கத்தின் பெயரால் தற்காலிகமாகவேனும் நிறுவிக் காட்டியது.

இவ்வட்டாரத்தின் பின்னாளைய தேர்தல்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை மேலும் தெளிவாகும். 1962இல் தேனியில் எஸ்.எஸ். ராஜேந்திரன், 1984இல் ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர்., 1989இல் போடியில் ஜெயலலிதா வென்றனர். அங்கெல்லாம் வென்றது ஊர் திரையில் கண்ட முகம். 1958இல் மேடையேறியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள்; அவர்களை முன்பின் திரையில் யாரும் பார்த்ததில்லை.

பாட்டுக் கச்சேரியா, நாடகமா?

வரதராசன் குழு இசைக் குழுதானே, அதை நாடக வரலாற்றில் சேர்ப்பது எப்படி என்ற கேள்வி எழும். இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது நிகழ்த்துமுறை பற்றியது. குரல் உடையும்வரை இளையராஜா குழுவில் பெண் குரலில் பாடினார்; உடைந்த பிறகு ஹார்மோனியத்துக்கு நகர்ந்தார். இது பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் ஸ்திரீபார்ட் ஏற்று, மகரக்கட்டு உடைந்ததும் வேறு வேலைக்கு மாறிய அதே ஒழுங்கு. மேடையில் பெண் குரல் கேட்க, ஆண் குரல் விடை சொல்லும்போது அங்கே இரண்டு பாத்திரங்கள் உருவாகிவிடுகின்றன. அன்றைய காங்கிரசின் சின்னமான இரட்டைக் காளையைப் பாட்டில் இழுத்துவந்து கேலி செய்வது பபூனின் வேலை. வேடமும் திரையும் இல்லை என்பதால் நாடகம் இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது குழுவின் வேலை பற்றியது. சகோதரர்கள் கட்சி மேடையில் பாடியதோடு நிற்கவில்லை. பிறர் போட்ட நாடகங்களுக்கும் வாசித்தார்கள். பண்ணைப்புரத்துக்கு மலேரியா ஒழிப்புப் பணியில் வந்த பாரதிராஜாவோடு அவர்கள் கொண்ட நட்பு இந்த ஊர் மேடைச் சூழலில் வளர்ந்தது. எழுதுகிறவர், வாசிக்கிறவர், நடிக்கிறவர் என்று அட்டவணை போட்டுப் பிரிக்க முடியாத நிலையே ஊர்க் குழுவின் இயல்பு. பகலில் அரசு வேலையோ தோட்ட வேலையோ பார்த்து, இரவில் மேடையேறிய இவர்களைத் தொழில்முறை, அமெச்சூர் என்ற சென்னை சபா நாடகப் பாகுபாட்டுக்குள் அடக்கவும் முடியாது.

சட்டச் சூழலும் இந்த வடிவத்துக்குச் சாதகமாக இருந்தது. 1954ஆம் ஆண்டின் சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது. நாடகத்தின் உள்ளடக்கத்தை முன்கூட்டியே கேட்டுத் தடுக்கும் அதிகாரத்துக்குப் பிரதி ஒன்று வேண்டும். ஊருக்கு ஊர் வரி மாறும் பாட்டில் பிடிப்பதற்கு அப்படிப்பட்ட பிரதி ஏது?

கட்சி மேடையும் ஊர் மேடையும்

இன்னொரு மறுப்பு, இது வெறும் பிரச்சாரம், கலைச் சுதந்திரம் இல்லாதது என்பது. புரவலர் இல்லாத தமிழ் மேடை எது? கம்பெனிக்கு முதலாளி இருந்தார். ஸ்பெஷல் நாடகத்துக்கு விழாக் கமிட்டி இருந்தது. கோயில் மேடையின் செலவு மண்டகப்படி முறையில் சாதிவாரியாகப் பிரிக்கப்படும். யார் நாடகம் வைக்கலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதை அந்தக் கட்டுப்பாடே வகுத்தது. முச்சந்தியில் போடப்பட்ட கட்சி மேடைக்கு இந்த வரிசை இல்லை. கட்சியைச் சார்ந்திருந்தது ஒரு வரம்புதான். ஆனால் பழைய வரம்பு ஒன்றை அது உடைத்தது. இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உடையாத வரம்பும் ஒன்று உண்டு. தோட்டத்தில் கொழுந்து கிள்ளுவதும், ஏலத்தில் காய் எடுப்பதும், போடியின் கிடங்குகளில் காயைத் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவர்களைப் பற்றிப் பாடிய மேடையில் அவர்கள் ஏறவில்லை. சிறுவனின் குரலே அவர்களுக்காகப் பேசியது. ஊர் நாடகங்களுக்கு நடிகை வேண்டுமென்றால் மதுரைப் பக்கமிருந்து கூலிக்கு அழைத்து வருவதே வழக்கம். மேடையேறிய பெண்ணுக்குச் சமூகம் தந்த அவப்பெயர் இதன் வேர். புரட்சிகரப் பாட்டும் இந்த அச்சத்தைத் தாண்டவில்லை என்பது இம்மரபின் குறை.

இலங்கை மலையகத்தோடு ஓர் ஒப்பீடு

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழகத்திலிருந்து சென்றவர்களே உழைத்தார்கள். அங்கே காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் தோட்டத்துக்குள்ளேயே வேரூன்றின. மாசியில் கம்பம் நட்டுப் பல நாள் நடக்கும் காமன் கூத்தைத் தொழிலாளர்களே ஆடுகிறார்கள்; தோட்டமே அரங்கு. ஏலமலையில் அப்படி ஒரு தனிக் கூத்து மரபு மேலோங்கவில்லை. காரணம் குடியிருப்பு முறையில் உள்ளது. கடல் கடந்தவர்களுக்கு லயமே ஊராயிற்று. ஏலத்தோட்டத்துத் தொழிலாளிக்குப் போடியும் தேவாரமும் கம்பமும் எட்டும் தொலைவில் இருந்தன. முன்பு மலைப்பாதையில் ஏறித் தங்கி வேலை செய்தவர்கள் பின்பு தினமும் ஜீப்பில் போய்வரலானார்கள். திருவிழாவும் நாடகமும் கீழேயே நின்றன. எனவே இங்கே மலைக்கான கலை, மலையில் தங்கும் கூத்தாக அல்லாமல், தரையிலிருந்து ஏறிப்போகும் குழுவாக வடிவம் கொண்டது. சில ஆட்கள், ஒரு ஹார்மோனியம், ஒரு தாளக் கருவி என்ற சிக்கனம் கலைக் கொள்கையால் வந்ததல்ல, மலைப்பாதை விதித்தது.

முடிவுரை

இதுவரை கண்டவை ஒரு முறையியல் கோரிக்கையில் முடிகின்றன. 1968இல் இளையராஜா சென்னைக்குப் போனதோடு இம்மரபின் கதை முடியவில்லை. 1975இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகளிலும், தொண்ணூறுகளின் அறிவொளி இயக்க வீதி நாடகங்களிலும் விடிய விடியப் பாட்டும் கேலியும் நாடகமும் மாறி மாறி வரும் அதே அமைப்பைக் காணலாம். திரைப்படத்தை இதன் இலக்காக வைத்தால் இந்தத் தொடர்ச்சி கண்ணில் படாது. சென்னைக்குப் போகாமல் ஊரிலேயே வாசித்து முடித்தவர்களும் வரலாற்றிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

ஆகவே போடி, தேவாரம், உத்தமபாளையம், மூணாறு வட்டாரங்களில் சேகரிக்க வேண்டியவை நாடகப் பிரதிகள் மட்டுமல்ல. விழாக் கமிட்டிகளின் வரவு செலவு ஏடுகள், நாடக நோட்டீசுகள், தொழிற்சங்கக் கூட்ட அறிவிப்புகள், மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றை எல்லையின் இரு பக்கத்திலும் ஒருசேரத் திரட்ட வேண்டும். தமிழ் நாடக வரலாறு தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும், கேரள அரசியல் மேடை வரலாறு மலையாளத்துக்குள்ளும் எழுதப்படும்வரை, 1958இன் தேவிகுளம் இரண்டுக்கும் புறம்பாகவே இருக்கும். அதை இரண்டுக்கும் உரியதாக எழுதுவதே, இக்குழுக்களைப் புகழ்பெற்றவர்களின் இளமைக் கதையாக அல்லாமல், உழைக்கும் மக்கள் தமக்காக நடத்திய ஒரு கலை நிறுவனமாக மதிப்பதற்கான வழி.