லேபிளைக் கிழிக்கக் கூடாது: டின் உணவில் சிற்பம் கட்டும் போட்டியின் வரலாறு

ஒரு போட்டியைப் புரிந்துகொள்ள ஜெயித்தவர்கள் பட்டியலைப் பார்ப்பதைவிட விதிமுறைகளைப் படிப்பது மேல் என்பது என் கட்சி. மென்பொருள் வேலையில் இருபது வருடம் ஓட்டியதால் வந்த பழக்கமாக இருக்கலாம். ஸ்பெக் டாக்குமெண்டில் 'கூடாது' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கேதான் விஷயம் இருக்கும்.

அப்படிப் படித்து ரசித்த ஒன்று, அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய கேன்ஸ்ட்ரக்‌ஷன். 'கேன்', 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' இரண்டையும் ஒட்டவைத்த பெயர். ஆர்க்கிடெக்டுகள், கட்டுமான இன்ஜினியர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லாம் அணி அணியாகச் சேர்ந்து, பிரிக்காத உணவு டின்களை அடுக்கி ஆளுயரத்துக்கும் மேலே உருவங்கள் கட்டுவார்கள். சில நாட்கள் மக்கள் பார்வைக்கு இருக்கும். பிறகு மொத்தத்தையும் பிரித்து, அத்தனை டின்களையும் பசி நிவாரண அமைப்புகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நியூயார்க்கில் லோயர் மன்ஹாட்டன் அலுவலகக் கட்டிடங்களின் நடுவே கட்டப்பட்டவை, 1980-களின் தொடக்கத்திலிருந்து மீந்த உணவைத் திரட்டி விநியோகிக்கும் சிட்டி ஹார்வெஸ்ட் அமைப்புக்குப் போயிருக்கின்றன.

இதை ஆரம்பித்தவர் ஷெரி மெலில்லோ. அவர் செயல்பட்ட சங்கத்தின் பெயர் சொசைட்டி ஃபார் டிசைன் அட்மினிஸ்ட்ரேஷன். ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களை நடத்துகிற நிர்வாகப் பணியாளர்களின் சங்கம் அது. படம் வரைகிறவர்கள் இல்லை; பில் போடுகிறவர்கள், ஆள் எடுக்கிறவர்கள், டெட்லைன் துரத்துகிறவர்கள். இந்தத் தகவல் முக்கியம். ஒரு கலைஞர் ஆரம்பித்திருந்தால் இது கண்காட்சியாக நின்றிருக்கும். நிர்வாகி ஆரம்பித்ததால், கண்காட்சி முடிந்த மறுநாள் டின்கள் எங்கே போகும் என்ற கேள்வி முதல் நாளே உள்ளே வந்துவிட்டது.

இந்தப் போட்டி 1992-ல் சாத்தியமானதற்குப் பின்னால் இரண்டு பழைய கதைகள் உண்டு.

முதல் கதை டின்னுடையது. உணவைக் கெடாமல் மூடிவைக்கும் முறைக்காக 1810-ல் பிரெஞ்சு அரசிடம் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கியவர் நிக்கோலா அப்பேர். ஆனால் அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் பாட்டில். அதே வருடம் இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் வாங்கிய பேடண்டில்தான் தகர டப்பா வருகிறது. 1813-ல் பிரயன் டான்கினும் ஜான் ஹாலும் லண்டன் பெர்மாண்ட்சியில் தொழிற்சாலை போட்டு ராணுவத்துக்கும் கடற்படைக்கும் சப்ளை செய்ய ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், டின் வந்து சுமார் நாற்பது வருடத்துக்கு அப்புறம்தான் அதைத் திறக்க ஒழுங்கான கருவி வந்தது. அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் டின் ஓப்பனருக்குப் பேடண்ட் வாங்கியது 1858-ல். அதுவரை உளியும் சுத்தியலும்தான்! ஆக, பிறக்கும்போதே அது எளிதில் உடையாத, நசுங்காத, அடுக்கத் தோதான ஒரு பொருள். கிட்டத்தட்ட ஒரு செங்கல்.

இரண்டாவது கதை உணவு வங்கியுடையது. 1960-களில் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் இடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தவர் ஜான் வான் ஹெங்கல். மளிகைக் கடைகள் வெளியே தூக்கிப்போடும் நல்ல உணவை எடுத்துத் தன் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு தாய் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: பணத்துக்கு வங்கி இருக்கிற மாதிரி உணவுக்கும் ஒன்று இருக்கக் கூடாதா? இருப்பவர் போடட்டும், இல்லாதவர் எடுக்கட்டும். அதிலிருந்து 1967-ல் பிறந்ததுதான் செயிண்ட் மேரிஸ் உணவு வங்கி. 1979-ல் இப்படிப்பட்ட வங்கிகளை இணைத்து 'செகண்ட் ஹார்வெஸ்ட்' என்ற தேசிய வலையமைப்பு உருவானது. 2008 முதல் அதற்குப் பெயர் 'ஃபீடிங் அமெரிக்கா'. ஐடியா கொடுத்தது ஒரு நிபுணர் இல்லை, பசியை நேரில் பார்த்த ஒரு அம்மா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி கட்டுமானம். போட்டியின் வழக்கமான அளவு எல்லை 10 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரம். இதில் எத்தனை டின் பிடிக்கும்? கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

அமெரிக்க டின் தொழிலில் அளவை மூன்று இலக்க எண்களில் சொல்வார்கள். முதல் இலக்கம் அங்குலம், அடுத்த இரண்டும் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 300×407 என்றால் விட்டம் 3 அங்குலம், உயரம் 4 அங்குலமும் 7/16-ம். பீன்ஸ், சோளம் வருகிற சாதாரண டின் இது. டூனா மீன் டின் 307×113, குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும்.

சாதாரண டின்னை எடுத்துக்கொண்டால், 10 அடிக்கு ஒரு வரிசையில் 40 டின். 8 அடி உயரத்துக்கு 21 அடுக்கு. 40 × 40 × 21 = 33,600 டின். ஒன்று சுமார் 450 கிராம் என்று வைத்தால் 15 டன். அந்தப் பத்தடிச் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,600 கிலோவுக்கும் மேல் இறங்கும். அமெரிக்காவில் கட்டிட முகப்புக் கூடங்களுக்கு வழக்கமாக வைக்கும் வடிவமைப்புச் சுமை சதுர அடிக்கு 100 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 490 கிலோ. மூன்று மடங்குக்கும் மேலே போகிறது! அதனால் யாரும் முழுக்க நிரப்பிக் கட்ட முடியாது. உள்ளே கூடாக விட்டுத்தான் கட்ட வேண்டும். அந்த நிமிஷமே இது அடுக்குகிற விளையாட்டு என்பது போய் இன்ஜினியரிங் ஆகிவிடுகிறது.

வளைவு வேண்டுமென்றால் இன்னும் சுவாரசியம். டின்னை வளைக்க முடியாது, வெட்ட முடியாது. ஒவ்வொரு அடுக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளித்தான் வளைவு காட்ட முடியும். பழைய கோயில்களில் கல்லைப் படிப்படியாக நீட்டிக் கூரை மூடியிருப்பார்களே, அதே தந்திரம். 3 அங்குல டின்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், உச்சி டின்னை அதற்குக் கீழே உள்ளதிலிருந்து 1.5 அங்குலம் நீட்டலாம். அந்த இரண்டாவதை அதன் கீழே உள்ளதிலிருந்து 0.75, மூன்றாவதை 0.5, நான்காவதை 0.375. கூட்டினால் 3.125. அதாவது ஐந்தே டின்னில், மேல் டின் அடி டின்னை விட்டு முழுசாக வெளியே வந்துவிடும். காகிதத்தில் நிற்கும். பக்கத்தில் யாராவது தும்மினால் நிற்காது. நிஜத்தில் பின்பக்கம் எதிர்ச்சுமை வைத்து, நடுவே மெல்லிய பலகைகள் கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பாடு, நாலு சொட்டுப் பசை போட்டால் முடிந்ததே என்று கேட்கலாம். அங்கேதான் விதிகள் வருகின்றன. பிசின் மிச்சம் விடும் எந்தப் பசையும் கூடாது. டின் முழுசாக, பிரிக்காமல் இருக்க வேண்டும். சாராயம், செல்லப்பிராணி உணவு கூடாது. லேபிள் கிழியாமல், படிக்கும்படி இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் எனக்குப் பிடித்தது. கட்டுபவருக்கு லேபிள் என்பது நிறம். சிவப்பு வேண்டுமா, தக்காளி. பச்சை வேண்டுமா, பட்டாணி. ஒவ்வொரு டின்னும் ஒரு பிக்சல். ஆனால் உணவு வங்கியில் வந்து நிற்பவருக்கு அதே காகிதம் தகவல். உள்ளே என்ன இருக்கிறது, உப்பு எவ்வளவு, என் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. லேபிளை உரித்துப் பளபள வெள்ளியாகக் காட்டினால் சிற்பம் ஜொலிக்கும், உணவு செத்துவிடும். உள்ளே என்ன என்று தெரியாத டின்னை எந்த வங்கியும் யாருக்கும் கொடுக்க முடியாது.

பரிசுகளிலும் இதே இழுபறி தெரிகிறது. நடுவர் விருப்பம், கட்டமைப்புத் திறமை, லேபிளைச் சிறப்பாகப் பயன்படுத்தியது என்று பிரிவுகள் உண்டு. கூடவே 'சிறந்த சாப்பாடு' என்று ஒரு பிரிவு. சிற்பத்தில் இருக்கும் டின்களை மட்டும் வைத்து ஒரு வேளைச் சத்தான உணவு தேறுமா? கலைப் போட்டியில் இப்படி ஒரு பரிசை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நிறத்துக்காக மூவாயிரம் டின் பீட்ரூட் வாங்கலாம் என்று கை நீளும்போது, 'இதை யார் சாப்பிடுவாங்க?' என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி.

இனி விமர்சனம். இது நியாயமானது, தட்டிக்கழிக்கக் கூடாது. அணிகள் நன்கொடை திரட்டி, அந்தப் பணத்தில் டின் வாங்குகிறார்கள். அதே பணத்தை உணவு வங்கியிடம் நேராகக் கொடுத்தால், அவர்கள் மொத்த விலையில் இன்னும் நிறைய வாங்குவார்கள், தேவையானதை வாங்குவார்கள். உணவு வங்கிகளே டப்பாவைவிடப் பணம் கொடுங்கள் என்று சொல்வது சகஜம். அப்புறம் எதற்கு இந்தக் கூத்து?

இதற்கு என் பதில் இரண்டு பாகம். ஒன்று, அந்தப் பணம் போட்டி இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அலுவலகத்தில் நன்கொடை மெயில் வந்தால் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து அலுவலகத்தை ஜெயிக்கணும் என்று வந்தால் கதையே வேறு. இரண்டு, வீடு வீடாகச் சேர்க்கும் டின்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தேதி பார்த்துப் பிரிக்க வேண்டும். சிற்பத்திலிருந்து வருவதோ ஒரே சரக்கு ஆயிரக்கணக்கில். ஒழுங்காகப் பிரித்து அதே அட்டைப்பெட்டிகளில் போட்டால் பாதி வேலை மிச்சம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த ஆயிரக்கணக்கான டின் எந்தச் சரக்கு என்பதை யார் தீர்மானிப்பது?

இதே கேள்வியில் ஃபீடிங் அமெரிக்காவே ஒருமுறை சிக்கியது. 2005 வரை தேசிய அளவில் வரும் நன்கொடைகளை, ஒவ்வொரு ஊரின் தேவையையும் ஒரு சூத்திரத்தில் கணக்கிட்டு வரிசைப்படி ஒதுக்கினார்கள். எடைதான் கணக்கு. உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோவுக்கு உருளைக்கிழங்கே போகிற மாதிரி அபத்தங்கள் இதில் சகஜம். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் உதவியோடு 2005-ல் இதை மாற்றினார்கள். ஒவ்வொரு உணவு வங்கிக்கும் 'பங்கு' என்ற ஒரு செயற்கை நாணயம். ஏழை ஊருக்கு அதிகம். அதை வைத்து வேண்டியதை ஏலத்தில் எடுக்கலாம். உடனே உண்மை வெளியே வந்தது. நிலக்கடலை வெண்ணெய்க்கும் பாஸ்தாவுக்கும் கிராக்கி. காய்கறியை அநேகமாகச் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பவுண்டும் இன்னொரு பவுண்டும் சமம் இல்லை. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் ஊரில் சொல்வார்கள். இவர்கள் பாத்திரத்தையே பேசவிட்டார்கள்.

இதனால்தான், இப்படி ஒரு போட்டியை நடத்த நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டிசைன் வரைவதற்கு முன்னால் உணவு வங்கிக்கு ஒரு போன் போடுங்கள். 'உங்களுக்கு எந்த டின் வேண்டும்?' என்று கேட்டு, அந்தப் பட்டியலைப் போட்டியாளர்களுக்குக் கலர் பேலட்டாகக் கொடுங்கள். டூனா, பீன்ஸ், கடலை, உப்புக் குறைந்த காய்கறி என்று பட்டியல் வந்தால் அந்த நிறங்களுக்குள் படம் வரையட்டும். இன்ஜினியர்களுக்குக் கட்டுப்பாடு புதுசு இல்லை. தரைச் சுமைக்கு அடங்கத் தெரிந்தவர்களுக்குப் பசித்தவரின் பட்டியலுக்கு அடங்கவா தெரியாது?

பிரிக்கும் நாளையும் முதலிலேயே திட்டமிடுங்கள். அதற்கும் 'டீகேன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டும்போது பத்து கேமரா இருக்கும். பிரிக்கும்போது ஒன்றும் இருக்காது. மேலிருந்து கீழே வரிசையாக எடுக்கணும், நசுங்கியதைத் தனியே வைக்கணும், எண்ணிப் பெட்டியில் போடணும், வண்டியில் ஏற்றணும். எங்கள் தொழிலில் ரிலீஸுக்குக் கேக் வெட்டுவார்கள், ரோல்பேக்குக்கு யாரும் வெட்டுவதில்லை. இங்கே அந்த ரோல்பேக்குக்காகத்தான் ரிலீஸே நடக்கிறது. ஃபீனிக்ஸில் யோசனை சொன்ன அந்த அம்மாவைப் போன்ற ஒருவர் வங்கிக் கதவருகே வந்து நிற்கும்போது, அந்த டின் எந்தச் சிற்பத்தில் மூக்காக இருந்தது என்பது அவருக்குத் தேவையே இல்லை. லேபிளைத் திருப்பிப் படிப்பார். அது கிழியாமல் இருந்தால் போதும்.